ஆண் ஈக்கள் என் பின்னால் ஓடி வந்த நாள்

படித்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும் என்ற வியாதி வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் வரும். எனக்கு அது கொஞ்சம் முற்றிய நிலையில் வந்தது. பயிர்களின் பூச்சிகளைப் பற்றி இன்று நான் ஊர் ஊராகப் போய் வகுப்பெடுக்கிறேன், முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள். அந்தப் பெருமைக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது ஒரு துப்பட்டா என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஈக்காட்டுத்தாங்கலில் வீட்டை ஒட்டியே லேத் பட்டறை வைத்திருந்த என் அப்பாவுக்கு, நான் என்ன படித்தேன் என்பது முழுசாகப் பிடிபட்டதே இல்லை. யாராவது கேட்டால், "செடிக்கு டாக்டருப்பா" என்று சொல்லி, அடுத்த கேள்வி வருவதற்குள் மெஷினை ஓடவிட்டுவிடுவார். அம்மாவுக்கு ஒரே கவலைதான். "பூச்சி படிச்ச பொண்ண எவன்டி கட்டுவான்?"

வீட்டு மரங்களுக்கும் மாடித் தோட்டங்களுக்கும் ஆலோசனை சொல்லும் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தனியாக அனுப்பிய முதல் இடம், மயிலாப்பூரில் ஓர் அடுக்ககம். போன் செய்து எங்களைக் கூப்பிட்டவர் அங்கே குடியிருப்பவர்கூட இல்லை. வாசலில் மாமர நிழலில் இஸ்திரி வண்டி போட்டிருந்த ஏழுமலை அண்ணன்.

அம்மா தி.நகரில் நாள் முழுக்க அலைந்து வாங்கிய மஞ்சள் துப்பட்டாவை அன்று எடுத்துக்கொண்டேன். பஸ் கூட்டத்தில் கசங்கக் கூடாதென்று மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். அதே பைக்குள்தான் பழ ஈக்களைக் கவரும் மருந்து பாட்டிலும் இருந்தது. (மூடியை இறுக்கினேனா என்று கேட்காதீர்கள். அதற்குத்தான் இந்தக் கட்டுரையே.) வழியெல்லாம் லவங்க வாசனை வந்தது. பக்கத்து சீட் அம்மா பிரியாணி பார்சல் கொண்டுபோகிறார் என்று நினைத்து, அவரைக் கொஞ்சம் பொறாமையோடுகூடப் பார்த்தேன்.

இறங்கியதும் துப்பட்டாவைப் பாந்தமாகப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். சங்கச் செயலாளர் ராகவன் மாமா காத்திருந்தார்.

"நேத்து சம்பந்தியாத்துக்காரா வந்திருந்தா. இந்த மரத்துப் பழத்தை நறுக்கி வெச்சா, உள்ளேர்ந்து புழு எகிறிக் குதிக்கறது! மானமே போயிடுத்து. மரத்தை வெட்டிடறதுன்னு முடிவு பண்ணியாச்சு. பதினோரு மணிக்கு எல்லாரும் கையெழுத்துப் போடப் போறோம். அதுக்குள்ள நீ ஏதாவது சொல்றதுன்னா சொல்லு."

ஏழுமலை அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இருவது வருசமா இந்த நெழல்லதாம்மா குந்திகினு கீறேன். மரம் பூட்ச்சுன்னா வண்டிய எங்க கொண்டுபோய் போடறது? எப்படியாவது பேசி நிறுத்தும்மா."

அவர் வயிற்றுப்பாடு என் கையில் இருந்தது. நானோ அதைக் காப்பாற்ற, பழ ஈயின் லத்தீன் பெயரிலிருந்து ஆரம்பித்தேன். அதன் குடும்பம், கோத்திரம், இறக்கையின் நரம்பமைப்பு என்று இருபது நிமிடம் விடாமல் பேசினேன். ஒரு மாமி கொட்டாவி விட்டார். மாமா கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு பொறியைக் கிளையில் கட்டினேன். பொறி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே மருந்தில் நனைத்த மரத்துண்டு. மருந்து பாட்டிலைச் சாய்த்தால் நாலு சொட்டுதான் விழுந்தது. ஆபீஸில் கஞ்சத்தனமாக ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு, "பத்தே நிமிஷம், ஈயெல்லாம் இங்கே வந்து குவியும் பாருங்கள்" என்று சவால் விட்டேன்.

குவிந்தன. பொறியில் இல்லை, என் மேல்.

முதலில் தோளில் ஒன்று, பிறகு பத்து. அதற்குமேல் எண்ணுகிற நிதானம் எனக்கு இல்லை. தட்டிவிட்டால் சுற்றிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தன. நான் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி ஓடினேன். அவையும் ஓடி வந்தன. குழந்தைகள் கை தட்டினார்கள்.

"ஏம்மா, எல்லாம் ஒங்கிட்டன்னா வர்றது!" என்றார் மாமா.

ஏழுமலை அண்ணன்தான் கவனித்தார். "யம்மா, அதுங்க ஒன்னிய தேடலமா, துப்பட்டாவ தேடுது! அத்தக் கழட்டி இப்படிப் போடு!"

அப்போதுதான் லவங்க வாசனைக்குக் காரணம் உறைத்தது. துப்பட்டாவை உருவி அவர் இஸ்திரி மேசை மேல் எறிந்தேன். ஈக்கள் மொத்தமும் அங்கே போய் மொய்த்தன. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் துணி பழுப்பாகிவிட்டது. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஆனால் யாரும் கிளம்பவில்லை. கொட்டாவி மாமி முதற்கொண்டு எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். ராகவன் மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இத்தனையும் நம்ம மரத்துலயா இருந்தது?"

லத்தீன் எல்லாம் மறந்துபோயிருந்தது. வாயில் வந்தது வீட்டுப் பேச்சுதான்.

"ஆமா மாமா. இதெல்லாம் ஆம்பள ஈ. இந்த வாசனைக்கு அதுங்க மட்டும்தான் வரும். ஆம்பளைங்களப் புடிச்சுட்டா, பொம்பள ஈ பழத்துல முட்ட வெச்சாலும் பொரியாது, புழுவும் வராது. கீழ விழுந்த பழத்த மட்டும் தெனமும் பொறுக்கி, கவர்ல கட்டி வெயில்ல போட்டுடுங்க. மரம் ஒரு தப்பும் பண்ணல."

"இதை மொதல்லயே சொல்லப்படாதோ?" என்றார் மாமா. பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "சரி, ஒரு சீசன் பாப்போம்."

அன்று நான் கற்றுக்கொண்டதுதான் இன்றுவரை என் பிழைப்பு. எந்த வகுப்பிலும் முதலில் பூச்சியைக் காட்டுவேன், பெயர் அப்புறம்தான்.

"துப்பட்டா எங்கடி?" என்று அம்மா வாசலிலேயே கேட்டாள். "மயிலாப்பூர்ல, மாமரத்துல" என்றேன். துண்டு துண்டாக வெட்டி ஆறு பொறிகளில் போட்டிருந்தோம். கதையைக் கேட்ட அப்பா சிரித்த சிரிப்பில் பட்டறை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்க்க வந்தபோதும் அவரால் அடக்க முடியவில்லை. "எம்பொண்ண சாதாரணமா நெனிக்காதீங்கோ. மயிலாப்பூர்ல போய் நின்னா, அத்தினி ஆம்பளைங்களும் பின்னாலயே ஓடியாந்தானுங்கோ!" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் காபியைக் குடித்தார்.

மரம் இன்னும் நிற்கிறது, இஸ்திரி வண்டியும்தான். ஒவ்வொரு மே மாதமும் ஏழுமலை அண்ணன் ஒரு பை பழம் கொடுத்தனுப்புகிறார். எல்லோரையும் உட்காரவைத்து முதல் பழத்தை நான்தான் நறுக்குவேன். புழு இல்லை என்று ஒவ்வொரு துண்டாகத் திருப்பிக் காட்டுவேன். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. அப்பா தன் வசனத்தை ஆரம்பிப்பார். அவர் முடிப்பதற்குள் என் கணவர் கை நீட்டிப் பெரிய துண்டாக எடுத்துக்கொண்டு சொல்வார்:

"மாமா, அதுல கடைசியா வந்து மாட்டினது நான்தான்."