முக்கால் பாட்டில் எண்ணெய்

விடை இரண்டு பாட்டில் என்று வந்ததும் அவள் கணக்கை அடித்துவிட்டு மறுபடி போட்டாள்.

தம்பி எட்டிப் பார்த்தான். "இருந்ததே முக்கால் பாட்டில். மிச்சம் ரெண்டு பாட்டிலா? எண்ணெய் குட்டி போட்டுருக்கா, அக்கா?"

"வாயை மூடுடா. அப்பா பஸ் ஏறிட்டாராம்."

ஜன்னலைச் சாத்தும்போது அவள் முழங்கை பட்டு ஒரு சொட்டு மிஞ்சாமல் கவிழ்ந்திருந்தது அப்பாவின் முடி வளரும் எண்ணெய். வழுக்கை முழுசாக ஜெயித்த பிறகும் அப்பா போரை நிறுத்தவில்லை. மாதாமாதம் பாட்டில் முக்காலுக்கு இறங்கும் சமயம் வேலையாக வெளியூர் கிளம்புவார். பெரிய பாட்டிலில் சரியாக மூன்றில் ஒரு பங்கு பிடிக்கும் குட்டி பாட்டிலை நிரப்பி எடுத்துப்போவார். திரும்பியதும், செருப்பைக்கூடக் கழற்றாமல், மிச்சத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அளவு மாறியிருந்தால் அவளுக்குப் பள்ளிச் சுற்றுலா கிடையாது என்று இந்த முறை சொல்லிவிட்டே போயிருந்தார்.

3/4 − 1/3. மேலே 3-ல் 1 போக 2. கீழே 4-ல் 3 போக 1. எத்தனை தடவை போட்டாலும் இரண்டு பாட்டில்தான்.

"கீழ ரெண்டும் ஒரே நம்பரா இருக்கணும்" என்று திடீரென்று ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் கீழே 12 போட்டாள். மேலே இருந்ததைத் தொடவில்லை. 3/12 − 1/12. காலி பாட்டிலில் சமையலறை எண்ணெயை அந்த இரண்டு பங்குக்கு ஊற்றினாள். பாட்டிலின் அடி நனைந்தது.

"இதைப் பார்த்தா அப்பாவுக்கு இருக்கிற நாலு முடியும் கொட்டிடும்" என்றான் தம்பி.

கீழே பெருக்கினால் மேலேயும் பெருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. 9/12 − 4/12. பன்னிரண்டில் ஐந்து! காகிதத்தில் பன்னிரண்டு கோடு போட்டுப் பாட்டிலில் ஒட்டி, ஐந்தாவது கோடு வரை ஊற்றினாள்.

அளவு சரி. நிறம் மஞ்சள். பழைய எண்ணெயோ கறுப்பு. காபித்தூளைப் போட்டுக் குலுக்கினாள். தூள் மிதந்தது. அம்மாவின் வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். எண்ணெய் கறுத்தது, துணி போயிற்று.

"நாளைலேர்ந்து அப்பா தலை தூங்கவே தூங்காது."

"உன்னை யாருடா கேட்டா?"

அம்மா வந்தாள். காலியான எண்ணெய்ப் பாத்திரத்தைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். துணியை மட்டும் எடுத்து வாளியில் போட்டாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் மகள் காகிதத்தை உரித்துப் பையில் திணித்துக்கொண்டாள்.

அப்பா பாட்டிலை விளக்குக்கு நேராகத் தூக்கினார். ஒரு கண்ணை மூடினார். மூடியைத் திறந்து மோந்தார்.

"அளவு அப்படியே இருக்கு. வாசனைகூட எப்பவும் போலதான்" என்று திருப்தியாகத் தலையில் தேய்த்துக்கொண்டே உள்ளே போனார்.

அவளுக்குப் புரியவில்லை. காபி வாசனை எப்படி எப்பவும் போல?

கறைத் துணியை அலசிக்கொண்டிருந்த அம்மா, உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "போன வருஷம் நான் கொட்டினதுலேர்ந்து மாசாமாசம் காபித்தூள் எண்ணெய்தான் ஊத்தறேன். அன்னிக்கு எனக்கும் முதல்ல ரெண்டு பாட்டில்னுதான்டி வந்துச்சு."