மூச்சடக்கி மிக்கேலும் சின்ன முடிவிலியும்

படித்ததை எங்கே பேசக்கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் நான் படித்திருப்பேன். (மளிகைப் பொட்டலத்தைக்கூடப் பிரித்து வாசிக்கிற ஆள் நான்.) அதனால்தான் பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணின் அப்பாவிடம் முடிவிலியைப் பற்றிப் பேசி, பசியோடும் பிரம்மச்சரியத்தோடும் திரும்பி வரப் பார்த்தேன்.

தேதியைச் சொல்லக் கை துறுதுறுக்கிறது. ஊர் நடப்புகளைத் தேதிவாரியாக எழுதிவைப்பது என் பழக்கம். ஆனால் இந்த ஒரு தேதியை வெளியே சொல்லக்கூடாதென்று வீட்டில் தடை. தவக்காலம் முடிந்த பிறகு வந்த ஒரு ஞாயிறு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தில், சரக்குக் கப்பல்களுக்குப் பத்திரங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் ‘எவன் பெரியவன்’ என்ற வாட்ஸப் குழுவுக்கு நான் நடுவர். கதையிலும் காமிக்ஸிலும் வரும் நாயகர்களில் யாருக்குப் பலம் அதிகம் என்று வரிசைப்படுத்துவதுதான் குழுவின் தொழில். அதுவரை வசவாக நடந்துகொண்டிருந்ததை நான் கணிதமாக மாற்றினேன். மலையைத் தூக்குகிறவன் பலம் எவ்வளவு பெரிதானாலும் ஓர் எண்ணில் அடங்கிவிடும். அவன் கடைசி அடுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓயாமல் உலகங்களைப் படைத்துக்கொண்டே போகிறவன் சின்ன முடிவிலி, நடு அடுக்கு. ஒரு கோட்டிலுள்ள அத்தனை புள்ளிகளிலும் ஒரே சமயத்தில் நிற்கிறவன் பெரிய முடிவிலி. அந்தப் புள்ளிகளை ஒன்று, இரண்டு என்று எப்படி வரிசையில் நிறுத்தினாலும் விடுபடுவது இருந்துகொண்டே இருக்கும். அவன் மேல் அடுக்கு.

ஷார்ஜாவிலிருந்து ஒருவர் நிரூபணம் இல்லாமல் தன் நாயகனை மேலே ஏற்றப் பார்த்தார். அன்று காலையில்தான் அவரைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தேன். அந்த மிடுக்கோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் வீட்டுப் படியேறினேன்.

பெண் ஜெனிட்டா, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு வேறு நினைப்பில்லை. அவளுடைய அப்பா லாரன்ஸ், உப்பளத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காபி வந்தது, மக்ரூன் வந்தது. உள்ளே சீலா மீன் குழம்பு கொதிக்கிற வாசம் மட்டும் வந்தது. எங்கள் பக்கம் சம்பந்தம் உறுதியானால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள், அதாவது சோறு சாப்பிடுவார்கள். அதுவரைக்கும் மக்ரூன்தான்.

பேச்சு வற்றியபோது அவர் என் பொழுதுபோக்கை விசாரித்தார். அம்மா என் காலை மிதித்தாள். நான் மூன்று அடுக்குகளையும் விரிவாக விளக்கினேன். அவர் உண்மையிலேயே ரசித்துக் கேட்டார்.

“நம்ம ஊரு ஆளு யாரும் அதுல உண்டா தம்பி?”

“உண்டு மாமா. மூச்சடக்கி மிக்கேல்.”

மிக்கேல், ஊர்ச் சங்க ஆண்டு மலரில் வருடத்துக்கு ஓர் அத்தியாயமாக வரும் தொடர்கதையின் நாயகன். முத்துக்குளிப்பவன், துப்பும் துலக்குவான். எழுதுகிறவர் ‘கடற்காகம்’ என்ற புனைபெயர்க்காரர்.

அவர் முகம் மலர்ந்தது. “எங்க வச்சிருக்கிய?”

“கடைசி அடுக்குல, அதுலயும் கடைசி. ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரம் மூச்சடக்குவான், அவ்வளவுதான். அதுபோக, எழுதுறவருக்குக் காலண்டரே தெரியாது மாமா. மூணாவது அத்தியாயத்துல சாம்பல் புதனுக்கு மறுநாளே குருத்தோலை ஞாயிறு வருது.”

கதவுத் திரைக்குப் பின்னால் ஜெனிட்டா இருமினாள். சளி என்று நினைத்தேன். மறுபடியும் இருமினாள். கொஞ்சம் பலத்த சளி என்று நினைத்தேன்.

லாரன்ஸ் காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“கடற்காகம் நாந்தான்.”

அம்மா என்னைப் பெற்றதற்கு வருந்துவது வெளிப்படையாகத் தெரிந்தது.

“தேதி அச்சுப்பிழை. அத விடுங்க,” என்றார் அவர். “மிக்கேலுக்கு ஒரு நியாயம் தெரியணும். அதுவரைக்கும் இங்க யாரும் கை நனைக்க வேண்டாம்.”

‘மேல் அடுக்கில் வைத்துவிடுகிறேன் மாமா’ என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். கண்ணுள்ள எவனும் சொல்லியிருப்பான். நானோ, நிரூபணம் வேண்டும் என்றேன்.

அவரும் சளைக்கவில்லை. அங்கேயே புது அத்தியாயம் கட்ட ஆரம்பித்தார். மிக்கேலுக்கு மாதாவின் அருளால் மூச்சு வாங்கவே தேவையில்லாமல் போகிறது. முடிவே இல்லாத சிப்பிப் படுகையில் இறங்கி, ஒவ்வொரு சிப்பியாகத் திறந்துகொண்டே போகிறான்.

“இப்ப?”

“ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிடலாமே மாமா. சின்ன முடிவிலிதான்.”

“ரெண்டு கையாலயும் திறக்கான்.”

“சின்ன முடிவிலிய ரெண்டு மடங்காக்கினாலும் அதேதான்.”

“கூட ஆயிரம் பேரு இறங்குதாங்க.”

“அதேதான் மாமா.”

அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றியிருந்தது. லாரன்ஸ் எழுந்து நின்று, ஆட்டோ கூப்பிடவா என்று அம்மாவிடம் மரியாதையாகக் கேட்டார். குழம்பை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது: ஷார்ஜாக்காரருக்குச் செய்ததை எனக்கு நானே செய்துகொண்டிருக்கிறேன்.

திரையை விலக்கிக்கொண்டு ஜெனிட்டா வந்தாள். கோபமாக இருந்தாள். போட்டோவைவிட அழகாகவும் இருந்தாள்.

“எல்லாச் சிப்பியயும் எதுக்குப்பா திறக்கணும்? மிக்கேல் என்ன கூலிக்கா முங்குதான்? இஷ்டப்பட்டதத் திறப்பான், இஷ்டமில்லாதத அங்கனயே விட்டுட்டு வந்துருவான்.” பிறகு என்னைப் பார்த்தாள். “நானும் அப்படித்தான்.”

அது எனக்கான எச்சரிக்கை என்று அம்மாவுக்குப் புரிந்தது, லாரன்ஸுக்குப் புரிந்தது. நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். எனக்குப் புரிந்தது வேறு. ஒவ்வொரு சிப்பியையும் திறக்கலாம், விடலாம். முடிவில்லாத சிப்பிகளில் எவற்றைத் திறப்பது, எவற்றை விடுவது என்று அவன் தேர்ந்தெடுக்கக்கூடிய விதங்களை எந்த வரிசையிலும் நிறுத்தி எண்ண முடியாது. எப்படி நிறுத்தினாலும் விடுபடும்.

“பெரிய முடிவிலி மாமா,” என்றேன். “மேல் அடுக்கு. நிரூபணத்தோட.”

லாரன்ஸ் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அதை இரக்கம் என்று அவள் இன்றுவரை சாதிக்கிறாள்.

“இலையப் போடச் சொல்லு,” என்றார்.

திருமணத்துக்குப் பிறகு வந்த மலரில் மிக்கேலுக்கு ஒரு புது எதிரி முளைத்தான். பெயர் கணக்கன். கண்ணாடி போட்டவன், சட்டைப்பையில் மூன்று பேனா, பார்க்கிறவர்களிடமெல்லாம் தேதியைத் திருத்துகிறவன். மூன்றாம் பக்கத்தில் கடலில் முங்கிச் செத்தான். அடுத்த வருடமும் வந்தான், செத்தான். கோயில் திருவிழாவன்று மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருக்க, அந்தப் பக்கத்தை ஜெனிட்டாதான் உரக்கப் படிப்பாள். அதற்கப்புறம்தான் சாப்பாடு.

மலருக்குப் பிழை திருத்துவது இப்போது நான். போன தடவை பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்: போன வருடம் செத்தவன் இந்த வருடம் எப்படி மாமா திரும்ப வருகிறான், எத்தனை தடவைதான் சாவான்?

மாமனார் தலையை நிமிர்த்தாமல் அடுத்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டே சொன்னார்:

“எண்ணிக்கிட்டே இருங்க மாப்ள. சின்ன முடிவிலிதான்.”