துடைத்த இடத்தில் இருந்த கிராஃபீன்

புரியாத விஷயத்தை அடுத்தவருக்கு விளக்கும்போது என் குரல் தானாகவே கம்பீரமாகிவிடும். (இதற்கு மருந்து இன்னும் கிடைக்கவில்லை.)

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்த புதிது. ஆய்வை நடத்தும் மேடம், தலைமயிர் தடிமனில் ஒரு கண்ணாடி இழையைக் கொடுத்தார். அதன் நுனியில் கிராஃபீன் படலம் ஒட்டியிருக்கிறதாம். பென்சில் கரியின் ஓரிரு அணு அடுக்குதான், கண்ணுக்குத் தெரியாது. சூடு பட்டால் படலம் அசையும், இழைக்குள் திரும்பி வரும் வெளிச்சம் மாறும், அதை வைத்து வெப்பநிலையைச் சொல்லலாம் என்றார். தலையாட்டினேன்.

சோதனைக்கு இடம் நானே சொன்னேன்: கொடகவெலப் பக்கம், நான் பிறந்த தோட்டத்தின் தேயிலை ஃபேக்டரி. அங்கே தேயிலை காயும் ட்ரையரைப் பார்த்துக்கொள்பவர் என் அக்கா புருஷன் சிவா மச்சான்.

ஃபேக்டரியில் இழை இருந்த பெட்டியைத் திறந்தால் நுனியில் தூசி மாதிரி தெரிந்தது. ஊர்க்காரர் முன்னால் அழுக்குக் கருவியா? டிஷ்யூவால் அழுத்தித் துடைத்து, ட்ரையருக்குள் செருகினேன். இழையோடு இணைத்த கணினித் திரையில் கோடு அசையவே இல்லை.

"சூடே ஏறலைங்க," என்றேன், தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம்.

"எங்க மீட்டர் சரியாத்தானேம்மா காட்டுது?"

"அது பழைய மீட்டருங்க. இது அணு அளவுல பாக்குறது."

ஐயா குழம்பிப்போய் மச்சானைப் பார்த்தார். மச்சான் என்னைப் பார்த்தார். நான் கோட்டைப் பார்த்தேன்.

"சரி, சூட்டைக் கூட்டுங்க," என்றார் ஐயா.

இரண்டு தடவை கூட்டினார்கள். கோடு அப்படியே இருந்தது, தேயிலைதான் கருகியது. மேடத்துக்குப் போன் போட்டேன்.

"நுனியைத் தொட்டீங்களா?"

"இல்ல மேடம். நல்லாத் துடைச்சுத்தான் வச்சேன்."

"அப்போ படலம் டிஷ்யூவோட போயிடுச்சு."

டிஷ்யூவை எங்கே போட்டேன்? எல்லோரும் குனிந்து தேடினோம்.

"அது என்ன நிறம்?" என்றார் கூட்டிப் பெருக்கும் ராணியக்கா.

"நிறமெல்லாம் இல்லக்கா."

"எம்புட்டுப் பெருசு?"

"கண்ணுக்குத் தெரியாது."

அக்கா நிமிர்ந்தார். "அப்ப நாங்க எதைத் தேடுறோம்?"

நான் மறுபடி குனிந்தேன்.

மச்சானின் வேலை போய்விடும் என்ற பயத்தில் நானே மேனேஜரிடம் ஓடி, தப்பு என்னுடையது என்று சொல்லி, படலம், வெளிச்சம், அணு எல்லாவற்றையும் கம்பீரமாக விளக்கினேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளிறியது. எதற்காகத் திட்டுவதென்றே பிடிபடாமல், "போயிட்டு வாங்க" என்றார். மச்சான் வேலை தப்பியது.

என் கல்யாணத்தன்று சபை முன்னால் மச்சான் ஒரு சின்னப் பெட்டியை என் கையில் வைத்தார். திறந்தேன். காலி.

"உள்ள கிராஃபீன் இருக்கு, துடைச்சிடாத," என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் வைரமோ என்று எட்டிப் பார்த்தார்கள். அந்த வைரம் எங்கே விழுந்தது என்று என் மாமியார் இன்றும் கேட்கிறார்.