தோணி நடந்த எட்டாயிரம் அடி

இனிமேல் தேவைக்கு மேல் ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை என்று முத்தலிப் முடிவு செய்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். உட்துறைமுகக் கரையில், வாகை மரத்தடியில், சீமெந்து இருக்கையான வாங்கில் உட்கார்ந்தபடிதான் முடிவு செய்தார். பெரிய முடிவுகள் எல்லாவற்றையும் அவர் உட்கார்ந்துதான் எடுப்பது வழக்கம்.

அந்த வாங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துறைமுகக் கிடங்கு ஒன்றில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்தவர் முத்தலிப். கப்பலில் வந்த மாவு மூட்டை, சீமெந்து மூட்டை எல்லாம் அவருடைய பேனா முனையைத் தாண்டித்தான் ஊருக்குள் போயின. ஆனால் ஒரு நாளாவது ஒரு கப்பலில் கால் வைத்ததில்லை. மூட்டைதான் இறங்கி வந்ததே தவிர, மேலே ஏறி வா என்று அவரை யாரும் கூப்பிடவில்லை. பென்ஷன் எடுத்த மறுநாளே இந்த வாங்கைக் கண்டுபிடித்தார். சுபஹ் தொழுது, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், விரிகுடா பால் ஆறினாற்போல் அசையாமல் கிடக்கும். தூரத்தில் நிற்கும் கப்பல் மெல்ல மெல்ல அவருடையதாகிவிடும். வெள்ளைச் சட்டை, தோளில் பொன் பட்டி, தலையில் தொப்பி. கப்பித்தான் முத்தலிப் கையை உயர்த்துவார். சங்கு ஊதும். குன்றுகள் இரண்டு பக்கமும் மெதுவாக விலகி வழிவிடும். மேல்தட்டில் றுக்கியா குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். மருந்துக் குளிசை போட்டீங்களா என்று அங்கேயும் வந்து கேட்பாள். கனவுதானே என்று அவரும் போட்டுவிட்டேன் என்பார்.

இந்தக் கனவுக்குத்தான் ஆபத்து வந்தது. கிளினிக்கில் இரத்தச் சீனி பார்த்த டொக்டர் தாளைப் பார்த்தார், முத்தலிப்பின் வயிற்றைப் பார்த்தார், பிறகு றுக்கியாவைப் பார்த்து, "இவர் நடக்கிறதே இல்லையா?" என்று கேட்டார். நோயாளி யார் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

றுக்கியா வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவள். அளவு எடுத்துவிட்டால் பிறகு பேச்சில்லை.

"காலையில எட்டாயிரம் அடி. எட்டாயிரம் காட்டினா வாங்கு உங்கட. காட்டாட்டி வாங்கும் இல்ல, கப்பலும் இல்ல. என்ட மெஷினுக்குப் பக்கத்துல இருந்து பட்டன் தைக்கிறதுதான் வேல."

"எட்டாயிரமா! நான் என்ன தபால்காரனா?"

"நீங்க மௌத்தாகிப்போனா நான் ஆருக்கு ஏசுற? இன்னும் இருவது வருசத்துக்கு எனக்கு ஆள் வேணும்."

அவள் அதைச் சொன்னபோது கிளினிக் தாளை நாலாக மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். முத்தலிப் அதைக் கவனிக்கவில்லை. அவர் பட்டனை நினைத்துப் பயந்துகொண்டிருந்தார்.

கட்டாரில் இருக்கும் மகள் நப்லா அடி எண்ணும் கைப்பட்டி ஒன்றை அனுப்பிவைத்தாள். கறுப்பாக, பளபளவென்று, விலங்கு மாட்டியதுபோல் மணிக்கட்டில் ஏறிக்கொண்டது. முத்தலிப் முதல்நாள் வாங்கில் உட்கார்ந்து கையை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். எண் ஏறத்தான் செய்தது. ஆனால் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று மூன்று ஆட்டோக்காரர்கள் வந்து நின்றார்கள். நாலாவதாக, மீன் வாங்கப் போன றுக்கியாவே வந்து நின்றாள்.

"ஆருக்குக் கை காட்டுறீங்க?"

"கப்பலுக்கு."

அவள் கப்பலையும் பார்த்தாள், கையையும் பார்த்தாள், மீன் கடைப் பக்கம் நடந்தாள். அடுத்த நாள் கைப்பட்டியைக் கழற்றி வாகைக் கிளையில் கட்டிப் பார்த்தார். தோல் படாவிட்டால் அது எண்ணாது. கையில் கட்டச் சொல்லிக் கீச்சுக் கீச்சென்று கத்தியது. அந்த வெள்ளிக்கிழமைதான் மேலே சொன்ன முடிவு எடுக்கப்பட்டது. நடப்பதில்லை. நடக்காமலே எண்ண வைப்பது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சஜீத்தின் போன் கடை. முத்தலிப் உள்ளே போய் முன்னும் பின்னும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, கையில கட்டுறது வேணாம். இடுப்புல கொளுவுற மாதிரி ஒண்டு இருக்கா?"

சஜீத் தலையில் கை வைத்துக்கொண்டான். "கிளிப்பா? முத்தலிப் நானா, நீங்களுமா! வாற ஆக்கள் எல்லாம் அதத்தான் கேக்குறாங்க. கம்பனிக்காரன் எல்லாம் கைக்குத்தான் செய்றான். நம்மட ஆக்கள் எல்லாம் இடுப்புக்குத்தான் கேக்குறாங்க. நடுவுல நான் கிடந்து சாகுறன்."

"அது தோல் படாட்டியும் எண்ணுமா?"

"அதுக்குத் தோலும் தெரியா, துணியும் தெரியா. அசைஞ்சா எண்ணும்."

முத்தலிப்பின் முகம் விடிந்தது. "எனக்கு ஒண்டு எடுத்துத் தாங்க. தொழுகைக்கு ஒளு செய்யக்குள்ள கைப்பட்டி பெரிய கரைச்சல்."

"கொழும்புக்காரன் டசின் கணக்கிலதான் தருவானாம். மத்தவங்க கேட்டதோட சரி, ஒரு கஸ்டமர்தான் ஏற்கனவே காசு குடுத்துச் சொல்லிவச்சிருக்கு. நீங்க ரெண்டாவது. இன்னும் பத்துப் பேர் வேணும்."

"அந்தக் கஸ்டமர் ஆரு?"

"பேர் சொல்ல வேணாம் எண்டு சொல்லிட்டாங்க நானா."

தன் சீனிக்காக ஐந்நூறு அடி நடக்காத மனிதர், அந்தப் பத்துப் பேருக்காக இரண்டு நாள் ஊரெல்லாம் அலைந்தார். மீன் வெட்டுகிறவர் உடனே சம்மதித்தார். கைப்பட்டியில் ஏறிய சூரை நாற்றம் பெருநாளுக்கும் போகவில்லையாம். கொத்து ரொட்டிக்காரர் கண் கலங்கிவிட்டார். நின்ற இடத்தில் நின்று கொத்தினாலும் கைப்பட்டி இருபத்தையாயிரம் அடி காட்டுகிறதாம். கடையை விட்டுவிட்டு எங்கே போய் வருகிறீர் என்று பெண்சாதி சந்தேகப்படுகிறாளாம். சாந்து குழைக்கிற மேசன், கரும்பலகையில் எழுதுகிற மாஸ்டர் என்று ஆளாளுக்கு ஒரு நியாயம் இருந்தது. சிலர் நியாயமே சொல்லவில்லை. "கிளிப்பா? எனக்கும் ஒண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். அவர்களை முத்தலிப் நன்றாகப் புரிந்துகொண்டார்.

கிளிப் வந்தது. பாதித் தீப்பெட்டி அளவு. சின்னக் கண்ணாடிக்குள் எண். பின்னால் ஒரு கொளுக்கி.

வாங்கிலிருந்து இருநூறு அடி தள்ளி கதிரவேலின் தோணி கட்டிக் கிடந்தது. கதிரவேல் நாலைந்து மைல் தள்ளி, சாம்பல்தீவுக்குக் கிட்ட உள்ள சல்லி என்ற ஊர்க்காரர். இஞ்சின் பழுது, கொழும்பிலிருந்து ஏதோ சாமான் வரவேண்டும் என்று தோணி மாதக் கணக்கில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. மற்றத் தோணிகள் எல்லாம் விடியமுன் கடலுக்குப் போய்விடும். இது மட்டும் தாலாட்டுகிற தொட்டில்போல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி. முத்தலிப் அதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். கிளிப் கையில் இருந்தபோதுதான் முதல் தடவையாகக் கண்டார்.

"கதிரவேல், உங்கட தோணியில இத ஒருக்காக் கொளுவட்டுமா?"

"என்ன நானா இது?"

"என்ட நடை."

கதிரவேல் கிட்ட வந்து கிளிப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கொளுவுங்கோ, கொளுவுங்கோ. ஆனா நான் அதில கை வைக்கமாட்டன். தண்ணிக்குள்ள விழுந்தா ஆர் பொறுப்பு? நீங்களே கொளுவி நீங்களே கழட்டுங்கோ."

முத்தலிப் கிளிப்பைச் சொப்பிங் பையில் சுற்றி தோணியின் முன்முனையில், அணியத்துக் கயிற்றில் கொளுவிவிட்டு வாங்குக்கு வந்தார். கப்பல் காத்திருந்தது. அன்றைக்கு அவர் பினாங்கு வரை போய்வந்தார். வெயில் ஏறியதும் கழற்றிப் பார்த்தால், ஒன்பதாயிரத்து நானூற்றிப் பன்னிரண்டு.

வீட்டில் றுக்கியா எண்ணைப் பார்த்தாள். அவருடைய நெற்றியைப் பார்த்தாள். "மாஷா அல்லாஹ். வேர்க்கவே இல்லையே."

"கடல்காத்து."

"ஓம். நல்ல காத்துத்தான்."

மறுநாள் அவருடைய பச்சை பெல்ட்டின் பை பிய்ந்திருக்கிறது என்று தானாகவே எடுத்துத் தைத்து, இறுக்கமாகப் பட்டனும் வைத்துக் கொடுத்தாள். சாரத்துக்கு மேல் அந்த பெல்ட் இல்லாமல் முத்தலிப் வாசல்படி தாண்டமாட்டார். மனைவி மனம் குளிர்ந்துவிட்டாள் என்று அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, தோணி கிடந்த இடத்தில் தோணி இல்லை. ஐஸ் உடைக்கிற கொட்டிலுக்கு அப்பால் கிடந்தது.

"என்ன கதிரவேல், இஞ்ச கொண்டுவந்துட்டீங்க?"

"அங்க நீரோட்டம் சரியில்ல நானா."

"முப்பத்தொரு வருசமா இந்தத் தண்ணியப் பாக்குறன். என்ன நீரோட்டம்?"

"அடியில நானா. மேல தெரியாது."

போன கிழமை அடி நீரோட்டம். வந்த கிழமை பாறை உரசுகிறதாம். அதற்கடுத்த கிழமை, நண்டு கயிற்றைக் கடிக்கிறதாம். ஒவ்வொரு காரணத்துக்கும் தோணி கரையோரமாக இன்னும் கொஞ்சம் அங்கால் போயிற்று. தோணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடலாம்தான். உட்கார்ந்தும் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் கப்பல் ஒரு குன்றின் பின்னால் பாதி மறைந்துவிடுகிறது. பாதிக் கப்பலுக்குக் கப்பித்தானாக இருக்க அவருக்கு மனம் வரவில்லை. வாங்கு வேண்டும். வாங்கு வேண்டுமென்றால் எட்டாயிரம் வேண்டும். ஆகவே வீட்டிலிருந்து தோணிக்கு, தோணியிலிருந்து வாங்குக்கு, வாங்கிலிருந்து திரும்பத் தோணிக்கு, தோணியிலிருந்து வீட்டுக்கு. நடக்காமல் இருப்பதற்காக அவர் படாத பாடு பட்டார்.

ஆனால் ஒன்று. நடக்கிற வழியிலும் கனவு வரத் தொடங்கியது. கரை நீளமாக நீளமாக, அவருடைய கப்பலின் மேல்தட்டும் நீண்டுகொண்டே போயிற்று. கப்பித்தான் என்றால் ஒரே இடத்திலா நிற்பார்? அணியத்திலிருந்து பின்முனை வரை உலாவ வேண்டாமா? விடிகாலை வெளிச்சத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் உலாவினார். வழியில் மேய்ந்த புள்ளிமான்கள் இரண்டு நிமிர்ந்து பார்த்து ஒதுங்கின. அவரும் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தார். பெல்ட் ஒரு துளை உள்ளே போயிற்று. பிறகு இன்னொன்று. கடற்காற்றுக்குத் தோல் இழுபடுகிறது என்று நினைத்தார்.

மூன்றாம் மாதம் கிளினிக். டொக்டர் தாளைப் பார்த்தார், திரும்பப் பார்த்தார், எழுந்து கை கொடுத்தார். வரிசையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பி, "இவரப் பாருங்க. இவர மாதிரி நடங்க" என்றார். அத்தனை கண்ணும் முத்தலிப்பின் கால்களை மரியாதையோடு பார்த்தன. அவருக்கு உடம்பு கூசியது. தோணி ஆடினால் தன் சீனி இறங்குகிறது என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? ஒருவேளை எல்லா நோயாளிக்கும் ஆளுக்கொரு தோணி கொடுத்தால் என்ன என்றுகூட வரும் வழியில் யோசித்தார்.

வீட்டில் றுக்கியா மெஷினில் இருந்தாள். தாளை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் படித்தாள். படித்து முடிக்கும்போது கண் நிறைந்திருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ். நான் எவ்வளவு பயந்து கிடந்தனான் தெரியுமா?" என்றாள்.

முத்தலிப்பால் அந்தக் கண்ணீரைத் தாங்க முடியவில்லை. முப்பத்தொரு வருடம் ஒரு மூட்டைக்குக்கூடப் பொய்க் கணக்கு எழுதாதவர் அவர்.

"றுக்கியா, ஒண்டு சொல்லணும். ஏசாதீங்க. நான் நடக்கல்ல. தோணிதான் நடந்த. கிளிப்பக் கதிரவேல்ட தோணியில கொளுவிட்டு நான் வாங்குல இருந்தனான்."

றுக்கியா ஏசவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. கையை நீட்டினாள்.

"பெல்ட்டக் கழட்டுங்க."

அவர் கழற்றிக் கொடுத்தார். அவள் தான் வைத்த பட்டனைத் தானே திறந்து, பையின் உள்மடிப்புக்குள் இரண்டு விரலை விட்டு எதையோ இழுத்து மெஷின் மேல் வைத்தாள். பாதித் தீப்பெட்டி அளவு. சின்னக் கண்ணாடி. எட்டாயிரத்து இருநூற்றிப் பதினாறு.

"சஜீத்துக்கிட்ட முதல்ல சொல்லிவச்ச கஸ்டமர் நான்தான். கப்பலுக்குக் கை ஆட்டுற மனிசன் நாளைக்கு வேற என்னத்தையும் ஆட்டுவார் எண்டு எனக்குத் தெரியாதா? நான் தைச்சுத் தந்த பெல்ட்டக் கட்டி முத நாள் நீங்க போனப்ப இது தொள்ளாயிரம் காட்டிச்சு. மத்தது ஒம்பதாயிரம். அந்தக் கரையில சும்மா ஆடுறது அந்தத் தோணி ஒண்டுதானே. அப்பதான் கதிரவேல்ட மனிசி சுதர்ஷினியக் கூப்பிட்டன்."

முத்தலிப் கதிரையில் உட்கார்ந்தார். "அப்ப அந்த நீரோட்டம்?"

"சுதர்ஷினிக்கு ஒரு சட்ட."

"பாற?"

"அவட மகளுக்கு ஒண்டு."

"நண்டு கயித்தக் கடிச்சது?"

"அது கதிரவேல் சொந்தமாச் சொன்னது. நான் அவ்வளவுக்குச் சொல்லிக்குடுக்கல்ல."

மெஷின் திரும்பவும் ஓடத் தொடங்கியது. கடல்நீலத் துணியில் ஒரு சட்டைக் கை, ஒழுங்கான தையலோடு, மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. முத்தலிப் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது.

"இது ஆருக்கு?" என்று கேட்டார்.

"சுதர்ஷினிக்குத்தான். இஞ்சின் சரியாகிட்டுதாம்" என்றாள் றுக்கியா, தலை நிமிராமல். "நாளைக்குத் தோணி சாம்பல்தீவுல கிடக்கும், வெள்ளனவே வெளிக்கிடுங்க."