உத்தரவு வராத மோட்டார்

இரண்டாவது வெள்ளிக்கிழமையும் சிவப்புப் பூதான் வந்தது.

"அம்மனுக்கு இன்னும் மனசு எறங்கலை" என்று சொல்லி, தலைவர் அறிவரசன் பொட்டலத்தைப் பிரித்துக் கூட்டத்துக்குக் காட்டினார். உள்ளே ஒரு செவ்வரளி நன்றாகவே சிரித்துக்கொண்டிருந்தது.

அம்சவள்ளிக்கு அதைப் பிடுங்கி அவர் வாயில் திணிக்கலாம் போல இருந்தது. காலிக் குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

சிறுவாச்சூருக்கு மேற்கே இருக்கிற மேலக்கரிசல் ஊராட்சியில், தெற்குத் தெருத் தண்ணீர்த் தொட்டிக்கு அவள்தான் ஆபரேட்டர். மோட்டார் எரிந்து பதினைந்து நாளாகிறது. பாடாலூர் மெக்கானிக் ராஜராஜன் வந்து பார்த்து, "காயில் கருகிடுச்சுக்கா. புதுசுதான் போடணும். திருச்சியிலேர்ந்து வரணும், ரெண்டு நாள் ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போனான். தலைவர் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலைவரோ அம்மனைக் கேட்காமல் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மாட்டார்.

வெள்ளிக்கிழமை தோறும் செல்லியம்மன் சன்னிதியில் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பூசாரி ஆண்டவர் குலுக்கிப் போடுவார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. இப்படித்தான் ஊரில் தெருவிளக்கு எரிந்தது, சாக்கடை ஓடியது, அல்லது ஓடாமல் நின்றது. ஒருமுறை பிரஷர் மாத்திரைக்கும் பூப் போட்டுப் பார்த்தார். சிவப்பு வந்தது. மூன்று நாள் மயக்கத்தில் கிடந்தார், மாத்திரையைத் தொடவில்லை. கிராம சபைக்கு வந்த மேலிடத்து ஜீப், வெள்ளைப் பூ வரும்வரை ஊர் எல்லையிலேயே நின்றது. டிரைவர் இறங்கி ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். நான் சொல்வது பொய் என்றால் அந்த டிரைவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

"தலைவரே, மோட்டார் எரிஞ்சதுக்கும் அம்மனுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ஆத்திரப்படாத அம்சவள்ளி. நான் வெறும் கருவி. கையெழுத்துதான் என்னோடது, உத்தரவு அவளோடது."

"அப்ப ஓட்டுக் கேட்டு எங்க தெருவுக்கு வந்ததும் அவதானா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். பதில் தெரியாத கேள்வி வந்தால் அவர் தியானத்துக்குப் போய்விடுவது வழக்கம்.

வீட்டுக்குத் திரும்பும்போது மகள் சிந்து மக்காச்சோளக் காட்டு வரப்பில் தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். எட்டு மாதம்.

"உன்னை யாருடி தூக்கச் சொன்னா?"

"வயித்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. தலைக்கும் ஒண்ணு குடும்மா, பேலன்ஸா இருக்கும்."

அம்சவள்ளி குடத்தைப் பிடுங்கிக்கொண்டாள். திங்கட்கிழமையே ஒன்றிய ஆபீஸுக்கு பஸ் ஏறினாள்.

அங்கே இருந்த அதிகாரி மனுவைப் படித்தார். "தலைவர் எழுதிக் குடுக்கணும்மா."

"அவரு அம்மனைக் கேட்டுட்டுத்தான் எழுதுவாராம் சார்."

அதிகாரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எந்த அம்மன்? கேட்டது நடக்குமா? எனக்கு ஒரு டிரான்ஸ்பர் இழுத்துக்கிட்டே கெடக்குது."

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் தேங்காய் பழத்தோடு வந்து இறங்கினார். தலைவரே அவருக்காகப் பூ எடுத்தார். வெள்ளை! செவ்வாய்க்கிழமை ஆர்டரும் வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்கப் பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் கார் காராக ஆட்கள் வந்தார்கள். ஊராட்சித் தலைவர் அருள்வாக்குத் தலைவர் ஆகிவிட்டார். மோட்டாருக்கு மட்டும் மறுபடி சிவப்பு.

"நாமளே போயி அந்தாளுக்கு விளம்பரம் பண்ணிட்டு வந்துருக்கோம்" என்று அம்சவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்து அவள் ஒரு நாட்டுக்கோழியைத் தூக்கிக்கொண்டு பூசாரி வீட்டுக்குப் போனாள்.

"பூசாரியண்ணே, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வெச்சிடுங்க."

"அய்யய்யோ, தெய்வக் குத்தம்."

"எம் பொண்ணு மாசமா இருக்கா, குடம் தூக்குறா. அதைவிடப் பெரிய குத்தமா?"

ஆண்டவர் கோழியைத் தூக்கி எடை பார்த்தார். தெய்வக் குத்தம் ஒன்றரைக் கிலோ இருந்தது. சம்மதித்தார்.

நான்காவது வெள்ளிக்கிழமை தலைவர் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "இன்னிக்கி மோட்டாரைக் கேட்டு அம்மனைத் தொந்தரவு பண்ண வேணாம். கோயிலுக்கு ஒரு அலங்கார வளைவு கட்டலாமா?"

வெள்ளை. பெண்கள் குலவை போட்டார்கள்.

"வளைவுல எம் பேரு இருக்கலாமா?"

வெள்ளை.

"போட்டோ?"

அதற்கும் வெள்ளை. அம்சவள்ளி பல்லைக் கடித்த சத்தம் குலவையில் அடங்கிப்போனது.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை தலைவர் சட்டமன்றத் தேர்தலுக்குச் சீட்டுக் கேட்கலாமா என்று உத்தரவு கேட்கப்போவதாக ஊரெல்லாம் பேச்சு. கட்சியின் மாவட்டப் பெரிய ஆட்கள் நாலு பேர் வருகிறார்களாம். அம்சவள்ளி இன்னொரு கோழியோடு போனாள்.

"இந்தத் தடவை ரெண்டும் சிவப்பா இருக்கட்டும். சீட்டு வேணாம்னு அம்மனே சொன்னா, ஆளு கொஞ்சம் எறங்கி வருவாரு."

ஆண்டவர் புருவத்தைச் சொறிந்துகொண்டு கோழியை வாங்கிக்கொண்டார்.

அன்று காலை சிந்து வரப்பில் வழுக்கி விழுந்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று நர்ஸ் சொன்னார். குடம்தான் நசுங்கிவிட்டது. அம்சவள்ளி அந்த நசுங்கிய குடத்தோடு கோயிலுக்கு வந்தாள்.

வெள்ளை வேட்டிகள் நாலு முன்வரிசையில் செல்போனோடு நின்றன. தலைவர் கையைக் கூப்பினார்.

"தாயே, எனக்குப் பதவி பெருசில்ல. எஞ் சனத்தோட தண்ணிதான் பெருசு. மோட்டாருக்கு உத்தரவு குடு!"

சிவப்பு வந்தது. வேறு என்ன வரும்? அவளே வைக்கச் சொன்ன சிவப்பு.

"பாத்தீங்களா, நான் என்ன பண்ணட்டும்? அவ அசைய மாட்டேங்குறா" என்று தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நசுங்கிய குடம் பறந்து போய் அவர் காலடியில் விழுந்தது.

"டேய் அறிவரசா!"

அறிவரசனை 'டேய்' போட்டுக் கூப்பிடும் தைரியம் ஊரில் யாருக்கும் கிடையாது. ஆகவே கூப்பிட்டது அம்மன்தான் என்று கூட்டம் ஒரு நொடியில் முடிவுகட்டியது. அம்சவள்ளியின் கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது வேறு, அந்த முடிவுக்குச் சாட்சியாகப் போயிற்று. பம்பைக்காரர் அடிக்க ஆரம்பித்தார்.

"எம் மேல ஒண்ணும் வரலைடா! அம்சவள்ளிதான்டா பேசுறேன்!"

"அம்மன் விளையாடுறா! பேர மாத்திச் சொல்லிப் பாக்குறா!" என்று ஆண்டவர் அவள் கையில் வேப்பிலையைத் திணித்தார்.

"அம்மனை ஏன்டா இழுக்குற? அவளா காயிலைக் கருக்குனா? உன் சோம்பேறித்தனத்துக்கு அவ பேரு, உன் திருட்டுத்தனத்துக்கு அவ பூவா? புள்ளத்தாச்சி விழுந்து கெடக்குறா, உனக்கு வளைவு கேக்குதா?"

தலைவர் தடாலென்று அவள் காலில் விழுந்தார். "தாயே! மன்னிச்சிடு! உத்தரவு குடு தாயே!"

"தண்ணி விடுடா!"

"இப்பவே தாயே!"

நாலு செல்போன்களும் கண்ணிமைக்காமல் படம் பிடித்தன.

ஒரே மணி நேரம். தெற்குத் தெருக் குழாய்கள் இருமின, துப்பின, பிறகு கொட்டின. சிந்து வாசலில் உட்கார்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அம்சவள்ளிக்கு ஐந்து வாரக் கோபம் அப்படியே வடிந்துபோனது. மிச்சம் இருந்ததையும் யாரிடமும் காட்ட முடியவில்லை. திட்டினால் கும்பிட்டார்கள். "போடி அந்தாண்ட" என்று ஒருத்தியை விரட்டினாள். அவள் அதை வாக்காக எடுத்துக்கொண்டு அந்தாண்டைத் தெருவில் வாடகைக்கு வீடு தேடப் போய்விட்டாள்.

சாயங்காலம் ராஜராஜனிடமிருந்து மோட்டார் அறைச் சாவியை வாங்கப் போனாள். போகிற வழியில் கோயில் முன்னால் பெரிய பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'அம்மனே நேரில் வந்து ஆணையிட்ட ஒரே தலைவர்! சட்டமன்றம் அழைக்கிறது!' தலைவர் கைகூப்பி நின்றார். வெள்ளை வேட்டிகள் அவருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தன.

மோட்டார் அறையில் ராஜராஜன் ஸ்பேனர்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன் தம்பி, திருச்சியிலேர்ந்து வர ரெண்டு நாள் ஆவும்னியே? ஒரு மணி நேரத்துல எப்படி வந்துச்சு?"

அவன் எழுந்து, கையைத் துடைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு அவளைப் பயபக்தியோடு கும்பிட்டான்.

"எரிஞ்ச மூணாம் நாளே வந்துடுச்சுக்கா, தலைவர் வூட்டு மாட்டுக்கொட்டாயில சாக்குப் போட்டு மூடி வெச்சிருந்தோம், யாரு மேலயாவது அம்மன் எறங்கட்டும்னுதான் காத்துக்கிட்டிருந்தோம், அது உங்க மேலதான் எறங்கும்னு பூசாரி மொத கோழியிலயே சொல்லிட்டாரு."