தானாக நிரம்பிய டேங்க்

ஊரே டீசலுக்குக் கேனும் கையுமாக அலையும்போது, தான் மட்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது என்று முன்யோசனை தீர்மானித்தார்.

முன்யோசனை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. எதிர்வீட்டு வெல்டர் வைத்தது. மழைக்குப் பயந்து டிராக்டருக்கு ஒரு தார்ப்பாய் வாங்கி, மழை வந்ததும் தார்ப்பாய் நனைந்துவிடப் போகிறதே என்று அதை மடித்து வீட்டுக்குள் வைத்தவர் அவர். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான். பிறகு உரியவே இல்லை.

வாடகைக்கு உழுவது அவர் தொழில். டீசல் லாரிகள் ஓடாதாம் என்று யாரோ யாரிடமோ சொன்னது அவர் காதில் விழுந்தது. அந்தத் திங்கட்கிழமை காலையிலேயே டிராக்டர் டேங்கையும் நிரப்பிக்கொண்டு, ஒரு பெரிய பேரல் நிறைய டீசலும் வாங்கிவந்து இறக்கிவிட்டார். டிராக்டர் நிற்கும் கொட்டகைக்குக் கதவு கிடையாது. ஆகவே பேரல் சமையலறையை ஒட்டிய சாமான் அறைக்குள் உருண்டு போனது.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"டீசல்."

"அதை மூக்கே சொல்லிடுச்சு. இங்க எதுக்கு?"

"தட்டுப்பாடு வரப்போகுது. நம்ம டேங்க் கொள்றது அறுபது லிட்டர். ஒருநாள் உழவுக்கே அம்பது போயிடும். அந்த அறுபதை நம்பி ஒரு மனுஷன் தொழில் பண்ண முடியுமா? இதுல இருநூறு இருக்கு."

"சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்பு எரியுதுங்க."

"டீசல் பெட்ரோல் மாதிரி இல்ல. தீக்குச்சியைக் கிழிச்சுப் போட்டாலும் குச்சிதான் அணையும்."

"அப்படியா? நீங்க போட்டுக் காட்டுங்க. நான் எங்க அக்கா வீட்டு மாடியிலேருந்து பாக்கறேன்."

"இங்க பாரு, மூடி இறுக்கமா இருக்கு. நாத்தமும் வராது, சத்தமும் வராது. இப்படி ஒரு பேரல் இருக்கறதையே நீ மறந்துடணும்."

"மறந்துடணுமா?"

"மறந்துடணும்."

"சரி."

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் ஒரு வாக்குவாதத்தில் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. 'சரி' என்பதில்தான் 'சரிவு' ஆரம்பமாகிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. அறைக்குப் பெரிய பூட்டாகப் போட்டு, சாவியை இடுப்பு பெல்ட்டில் கோத்துக்கொண்டு, உழவுக்குக் கிளம்பினார். தட்டுப்பாடு வரும்வரை அந்தப் பேரலைத் தொடுவதில்லை என்பது சங்கல்பம்.

செவ்வாய்க்கிழமை காலை கொட்டகைக்குப் போனார். முந்தின நாள் முழுக்க உழுததில் டேங்கில் அடிவண்டல்தான் மிச்சம் இருந்திருக்க வேண்டும். போகிற வழியில் பங்கில் நிரப்பிக்கொள்ளலாம் என்று சாவியைத் திருகினார். டீசல் முள் எழுந்தது. எழுந்து, கால், அரை, முக்கால் எல்லாம் தாண்டி, கடைசிக் கோட்டில் போய் நின்றது.

முள் கெட்டுவிட்டது என்று இறங்கி மூடியைத் திறந்தார். கழுத்து வரைக்கும் டீசல். அதில் அவருடைய முகம் கறுப்பாக ஆடிக்கொண்டிருந்தது.

முதல் நாள் சந்தோஷம்தான். "எல்லாம் ஓட்டற கையில இருக்கு. நாள் பூரா உழுதேன், சொட்டு குறையல" என்று வெல்டரிடம் பீற்றிக்கொண்டார்.

"அப்படின்னா இன்னும் ரெண்டு நாள் உழுங்க. டேங்க்லேருந்து வெளிய வழியும். நான் கேன் கொண்டு வரேன்" என்றார் வெல்டர்.

அன்று வேண்டுமென்றே விடாமல் உழுதார். முள் சிவப்பில் படுத்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தார். சாயங்காலம் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, ஒரு குச்சியை டேங்குக்குள் விட்டு, நுனி மட்டும் நனைந்ததையும் பார்த்துவிட்டுத்தான் வெல்டர் பட்டறைக்கு வழக்கமான அரட்டைக்குப் போனார். புதன்கிழமை காலை அதே குச்சியை விட்டார். பிடித்திருந்த விரல் வரைக்கும் நனைந்தது.

இந்தத் தடவை சந்தோஷம் வரவில்லை. முதுகுத்தண்டில் யாரோ ஈரத்துணியை வைத்து இழுத்தது போலிருந்தது.

காரணம் உண்டு. அது அவருடைய மாமனாரின் டிராக்டர். மாமனார் என்றால் ஓங்குதாங்கான ஆள். தலையில் எப்போதும் ஒரு துண்டு. வலது கையில் மோதிரவிரல் கிடையாது. ஃபேன் பெல்ட் தின்றுவிட்டது. "மோதிரச் செலவு மிச்சம்" என்று சிரிப்பாராம். கண்ணை மூடுவதற்கு முன்னால் மருமகனைப் பக்கத்தில் கூப்பிட்டு இரண்டே இரண்டு விஷயம் சொன்னார்.

"மாப்பிள்ள, பொழுது சாய வண்டியை நிறுத்தினா டேங்க் நிறைஞ்சு இருக்கணும். காலியா விட்டா உள்ள காத்து வேர்க்கும். அந்தத் தண்ணி டீசல்ல இறங்கி இன்ஜினைக் கெடுக்கும். அப்புறம், என் பொண்ணு நல்லா ஓட்டுவா. அவளையும் ஓட்ட விடுங்க."

மருமகன் இரண்டுக்கும் தலையாட்டினார். இரண்டையும் செய்யவில்லை. டேங்கை நிரப்பி நிறுத்துவது வீண் என்பது அவர் கட்சி. பெண்டாட்டி டிராக்டர் ஓட்டினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்பதும் அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர் என்றாலும், பதவியில் இருந்தது அதுதான்.

புதன்கிழமை பொழுது சாய்கிற நேரம். பட்டறை அரட்டை முடிந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். விளக்கு இன்னும் போடவில்லை. சாமான் அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

டொம்.

யாரோ உள்ளங்கையால் கதவை ஒரே ஒரு முறை தட்டியது போல.

"கேட்டுச்சா?" என்றார்.

"என்ன?" என்றாள் மனைவி, அவரைக்காயைக் கிள்ளிக்கொண்டே.

"சத்தம்! அந்த ரூம்ல!"

"எந்த ரூம்?"

டொம். இந்த முறை பாத்திர அலமாரியில் டம்ளர்களே நடுங்கின.

"இது கூடவா கேக்கல?"

அவள் கையை நிறுத்தி, தலையைச் சாய்த்து, நிதானமாகக் காது கொடுத்தாள். "ஒண்ணும் இல்லையேங்க. நீங்க சாப்பிட்டுப் படுங்க. முகமே வெளுத்துக் கிடக்கு."

அவர் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை டேங்க் நிறைந்திருந்தது. அது மட்டும் இல்லை. மூடிக்குப் பக்கத்தில் படிந்திருந்த புழுதியில் ஒரு கைத்தடம் பதிந்திருந்தது. வலது கை. நல்ல அகலமான கை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் வெற்றிடம், அப்புறம் சுண்டுவிரல்.

கால் தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். அன்று வண்டியில் உட்கார்ந்தபோது சீட்டின் ஓரத்தில்தான் உட்கார்ந்தார். பாக்கி இடத்தை மரியாதைக்கு விட்டுவைத்தார்.

சாயங்காலம் மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தார். "உங்கப்பா... கோவக்காரரா?"

"சேச்சே. ஒரு சொல் அதிர்ந்து பேச மாட்டார். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

"ஆனா ஒரு குணம். ஒருத்தர்கிட்ட ஒண்ணு சொல்லி அவங்க செய்யலைன்னா, திட்ட மாட்டார். அவரே வந்து செஞ்சு வெச்சுட்டுப் போவார்."

டொம் என்றது அறை. அவர் எழுந்து மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமையும் டேங்க் நிறைந்திருந்தது. சனிக்கிழமையும் நிறைந்திருந்தது. இப்போதெல்லாம் அவர் குச்சி விடுவதில்லை. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, மூடிவிடுவார்.

சனிக்கிழமை கடைசி வயலில் பாதி உழுதிருந்தார். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. கலப்பைக்குப் பின்னால் புழு பொறுக்க வந்த கொக்குகள் சொல்லிவைத்தது போல ஒன்றாக எழுந்து போயின. இன்ஜின் ஒரு முறை இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றுவிட்டது.

முள்ளைப் பார்த்தார். இன்னும் கால் டேங்க் டீசல் இருந்தது. மறுபடி மறுபடி சாவியைத் திருகினார். இன்ஜின் முக்கியது, எழுந்திருக்கவில்லை. இறங்கி டேங்க் மூடியை மெல்லத் திருகினார்.

ஹ்ஹ்ஹா...

டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது. வெகுநேரம் மூச்சடக்கி உட்கார்ந்திருந்த ஒருவர் இழுப்பது போல நீளமாக இழுத்தது. அந்தக் காற்று அவர் விரல்களைத் தடவிக்கொண்டு உள்ளே போனது.

முன்யோசனை பின்யோசனை இல்லாமல் ஓடினார். செருப்பு ஒன்று வயலில், ஒன்று வரப்பில். வீட்டு வாசலில் வந்து விழுந்தபோது பாதிப் பேச்சும் பாதிக் கை ஜாடையும்தான் வந்தன.

"வண்டி... உங்கப்பா... மூச்சு..."

மனைவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "வண்டியை நடுவயல்ல விட்டுட்டா வந்தீங்க?" என்றாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டாள். புடவையில் குத்தியிருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். கிளம்பிவிட்டாள். அவருக்கு ஊக்கமே போய்விட்டிருந்தது. அவளுக்கு ஊக்கு போதுமாக இருந்தது.

அவர் ஜன்னலோரம் நின்றார். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. தெருக்கோடியில் இரண்டு விளக்குகள் முளைத்தன. டிராக்டர் வந்தது. அவர் ஓட்டுவது போல விக்கி விக்கி வரவில்லை; எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் முதுகு நிமிர்த்திய ஒரு உருவம். தலையில் துண்டு.

"மாமா!" என்று அலறி ஜன்னலைச் சாத்தினார்.

"கேட்டைத் திறங்க!" என்றது மாமாவின் உருவம், மனைவியின் குரலில்.

அன்றிலிருந்து அவர் அந்த டிராக்டரைத் தொடவில்லை. ஒத்துக்கொண்ட வேலை ஒத்துக்கொண்டதுதானே? திங்கட்கிழமை அவளே ஏறினாள். நாலு பேர் சிரிப்பார்கள் என்று அவர் பயந்தாரே, அந்த நாலு பேரும் தங்கள் வயலுக்கு எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். வீட்டில் அவர் சமைத்தார். முதல் வாரம் குழைந்தது. இரண்டாவது வாரம் கரிந்தது. மூன்றாவது வாரம் சாப்பிடும்படி ஆனது. டீசல் தட்டுப்பாடு மட்டும் வரவே இல்லை.

ஒருநாள் மத்தியானம் கொதிக்கிற பாத்திரத்தை இறக்கப் பிடிதுணி தேடினார். அடுப்புக்குக் கீழே கடைசி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டார். கையில் ஒரு கை அகப்பட்டது.

அலறி முடித்த பிறகு பார்த்தார். தோல் கையுறை. மோதிரவிரல் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. டீசல் வாடை. கூடவே ஒரு ரப்பர் குழாய், ஒரு புனல், ஒரு திருப்புளி.

சாமான் அறைக்கு ஓடினார். பூட்டு சிங்கம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பூட்டு மாட்டியிருந்த கொண்டி நாலே நாலு திருகாணியில்தான் நின்றது. நாலின் தலைகளும் பளபளவென்று தேய்ந்திருந்தன. உள்ளே பேரல் விலா ஒட்டிக் கிடந்தது. தட்டினார். வெறும் பேரல்.

சாயங்காலம் அவள் வந்து இறங்கியதும் கையுறையை நீட்டினார்.

"இதுக்கு என்ன சொல்றே?"

"கிடைச்சுடுச்சா?" என்றாள் அவள் சாதாரணமாக. "அடுப்புக்குப் பக்கத்துல டீசல் வேணாம்னு சொன்னேன். நீங்க கேக்கல. நீங்க பட்டறைக்கு அரட்டைக்குப் போற நேரமாப் பாத்து, அது எங்க இருக்கணுமோ அங்க ஊத்தினேன். அப்பா சொன்னபடி டேங்கும் நிறைஞ்ச மாதிரி ஆச்சு. டீசல் பட்டா எனக்குக் கை அரிக்கும். அதான் அப்பா கையுறை."

"டொம்னு சத்தம்?"

"பேரல் பகல்ல சூட்டுல உப்பும், சாயங்காலம் சுருங்கும். உள்ள காலியாக ஆக சத்தம் ஜாஸ்தி."

"கேக்கலைன்னு சொன்னியே!"

"மறந்துடணும்னு சொன்னீங்களே. புருஷன் பேச்சைக் கேக்கலாமா, கேக்கக் கூடாதா?"

"அந்த மூச்சு?"

"மூடியில காத்து போக ஒரு பொடி ஓட்டை இருக்கு. புழுதி அடைச்சுடுச்சு. காத்து போகலைன்னா டீசல் இறங்காது. மூடியைத் திறந்தா உறிஞ்சும். ஊக்கால குத்தினேன், சரியாப் போச்சு."

அவருக்கு வெட்கமும் கோபமும் பொங்கின. கூடவே ஒரு பெரிய நிம்மதி. மாமனார் இல்லை. ஆவி இல்லை. நெஞ்சை நிமிர்த்தினார். "சாவியைக் கொடு. நாளையிலேருந்து நான்தான் ஓட்டுவேன்."

"தாராளமா. இந்தாங்க."

சாவி கைக்கு வந்த பிறகுதான் கணக்கு இடித்தது. பேரல் இருநூறு. ஒரு தடவைக்கு ஐம்பது. அப்படியானால் நாலு தடவைதான் ஊற்றியிருக்க முடியும். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று நாலு காலைகளோடு பேரல் தீர்ந்திருக்க வேண்டும்.

"சனிக்கிழமை காலையில டேங்க் எப்படி நிறைஞ்சிருந்தது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதை ஊத்தினே?"

துண்டை உதறிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "வெள்ளிக்கிழமை நான் எங்க அக்கா வீட்டுக்குல்ல போயிருந்தேன்?" என்றாள். கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "அன்னிக்கு நான் ஊத்தலையே." சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

சொல்லும்போது அவள் உதட்டோரம் துடித்ததா இல்லையா என்று அவரால் இன்றுவரை அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் ஆண்பிள்ளை. மறுநாள் நன்றாக வெயில் ஏறிய பிறகு, சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். ஒரு காலைத் தூக்கி டிராக்டரின் படியில் வைத்தார். இன்னொரு கால் யோசித்துக்கொண்டிருந்தது. அப்போது அன்றைக்கு முறை கொடுத்திருந்த வயல்காரர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"அக்கா இல்லீங்களா?"

"இல்ல. இனிமே நான்தான் உழறேன்."

வயல்காரர் அவரைப் பார்த்தார். டிராக்டரைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

"பரவாயில்லீங்க," என்றார், "அக்காவுக்கு எப்ப தோதுப்படுதோ அப்பவே வரட்டும், நிலம் எங்கயும் ஓடிடாது."