வேஸ்டேஜ் அண்ணனின் மூணு பார்க் டிக்கெட்

உலகத்தில் எதையுமே வீணாக்காத ஒரே ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அவர் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் போதும், நாம் மூச்சு விடுவதே கொஞ்சம் ஜாஸ்தியோ என்று சந்தேகம் வந்துவிடும்.

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ ஃபேக்டரியில் அவர் கட்டிங் மாஸ்டர். அவருக்கு ஒரு பெயர் இருப்பது சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவர் 'வேஸ்டேஜ்'. வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஒரு 'அண்ணா' சேர்த்துக்கொள்வோம். அவர் ஒன்றும் கோபித்துக்கொண்டதில்லை. கோபப்படுவதும் அவரைப் பொறுத்தவரை ஒரு வேஸ்டேஜ்தான்.

அவர் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முழுத் தோலை மேஜையில் விரித்து முதலில் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஆடு உயிரோடு இருந்தபோது முள்ளில் கிழித்துக்கொண்ட இடம், உண்ணி கடித்த இடம் எல்லாம் விரலுக்குத் தெரியும். அங்கெல்லாம் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட வேண்டும். வட்டத்தை ஒதுக்கிவிட்டு, மற்ற இடத்தில் 'டை' என்கிற இரும்பு அச்சை வைத்து மெஷினை அமுக்கினால் ஷூவுக்கான துண்டு விழும். துண்டுக்கும் துண்டுக்கும் எவ்வளவு நெருக்கமாக அச்சை வைக்கிறோம் என்பதில்தான் சாமர்த்தியம். மற்றவர்கள் வெட்டி முடித்தால் மிச்சம் கூடைகூடையாகப் போகும். இவர் வெட்டி முடித்த தோலைத் தூக்கிப் பிடித்தால் இடியாப்பம் மாதிரி தொங்கும். அந்த ஓட்டைகள் வழியாக எங்களை ஒரு பார்வை பார்ப்பார். அதில் பெருமை எதுவும் இருக்காது. இன்னும் ஒரு துண்டு வந்திருக்குமோ என்கிற துக்கம்தான் இருக்கும்.

நான் பிளானிங் ஆபீஸில் இருக்கிறேன். எந்த மேஜையில் ஒரு தோலுக்கு எத்தனை துண்டு விழுந்தது என்று எழுதுவது என் பிழைப்பு. குறைந்தால், ஏன் குறைந்தது என்று கடைசிக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் பெயருக்கு எதிரே அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

ஃபேக்டரியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவர் பிரியாணி சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். கடைசிக் கவளத்தில் சோறு, கறி, கத்தரிக்காய் மூன்றும் ஒன்றாக முடிய வேண்டும். அதற்காக முதல் கவளத்திலிருந்தே திட்டம் போட்டுத்தான் சாப்பிடுவார், நடுவில் பேச மாட்டார். ஒரு நாள் சப்ளையர் கேட்காமலேயே பாசமாக ஒரு கரண்டி கத்தரிக்காய் ஊற்றிவிட்டார். இவர் முகம் செத்துவிட்டது. கத்தரிக்காய்க்குச் சோறு வாங்கினார், சோற்றுக்குக் கறி பத்தவில்லை, கறி வாங்கினால் கத்தரிக்காய் கம்மியாகிவிட்டது. நாங்கள் கை கழுவி, பீடா போட்டு, வெளியே வந்து நின்ற பிறகும் அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

நல்லது கெட்டதுக்குப் போவதிலும் அப்படித்தான். ஒரே வேலைக்கு ஒரு பஸ் ஏறுவது அவருக்கு ஆகாது. ஒருமுறை பள்ளிகொண்டாவில் ஒரு கல்யாணம், நாட்றம்பள்ளியில் ஒரு சாவு. இரண்டையும் ஒரே நாளில் அடக்கிவிட்டார். சட்டையில் பன்னீர் வாசனையோடு, நெற்றியில் சந்தனத்தோடு, கையில் தாம்பூலப் பையோடு துக்க வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே ஒப்பாரி நின்றுவிட்டது. அந்த வீட்டுப் பெரியவர் பையைப் பார்த்து, "இன்னாப்பா இது?" என்றிருக்கிறார். இவர் பையைத் திறந்து காட்டி, "தேங்கா. நல்ல தேங்கா. இங்க சமையலுக்கு ஆவும், வச்சுக்கோங்க" என்றிருக்கிறார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குள் ஒரு கஷ்டம் நுழைந்தது. அவர் மனைவி எஸ்தர் அண்ணிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் வேலூரில் டயாலிசிஸ். இவர் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு கூடவே போய் வந்தார். மாற்று சிறுநீரகம் வைக்கலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள், என் மேஜைக்கு வந்து நின்றார். நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை.

"சார், மனுசனுக்கு ஒண்ணு இருந்தா போதுமாமே. டாக்டரே சொல்றாரு."

"ஆமாண்ணா."

"அப்போ நான் இத்தினி வருசமா ஒண்ண வேஸ்டாதானே சொமந்துட்டு இருக்கேன்?"

பத்து நாள் கழித்து டெஸ்ட் முடிவு வந்தது. அவருக்குச் சர்க்கரை இருக்கிறதாம், எடுக்க முடியாதாம். கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து, "என்னைய ரிஜெக்ட் பண்ட்டாங்க சார்" என்றார். தன் கையால் வெட்டிய ஒரு துண்டு ரிஜெக்ட் ஆனதில்லை அவருக்கு. அன்றைக்கு அவர் தட்டில் சோறு முடிந்த பிறகும் இரண்டு துண்டு கறி கிடந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அண்ணிக்கு ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான் என்று டாக்டர் கட்டுப்படுத்திவிட்டார். இவர் அந்தப் பாட்டிலில் வெள்ளிப் பேனாவால் கோடு போட்டுவைத்தார். பத்து மணிக்கு இந்தக் கோடு, மத்தியானம் இந்தக் கோடு. நான் பார்க்கப் போனபோது அண்ணி அதைத் தூக்கிக் காட்டினார்.

"கடவுள் தண்ணியக் கம்மி பண்ட்டாரு தம்பி. போதாதுன்னு உங்கண்ணன் அதுக்குக் கோடு வேற போட்டுட்டாரு."

டிவியில் ஒரு விளம்பரம் அடிக்கடி ஓடும். சென்னைக்கு வெளியே ஒரு தண்ணீர் பார்க், அதில் செயற்கை அலைக் குளம். மணி அடித்ததும் அலை கிளம்பி வரும், ஜனங்கள் கத்துவார்கள். அண்ணி அதைப் பார்க்கும்போது மட்டும் பேச மாட்டார். ஒரு நாள் கேட்டே விட்டார்.

"எனக்கு இங்க போணுங்க. அவ்ளோ தண்ணிய ஒரே எடத்துல பாக்கணும்."

"பீச்சுக்குப் போலாம். அங்க இதவிட ஜாஸ்தி" என்றார் இவர்.

"கடல்ல அலை எப்ப வரும்னு சொல்லுமா? இங்க மணி அடிச்சுட்டு வருது. மரியாதையா வருது."

டாக்டர் யோசித்துச் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடித்துவிட்டுக் கிளம்பலாம், திங்கள் காலை திரும்பி வந்துவிட வேண்டும். இடையில் கிடைப்பது ஒரு சனி, ஒரு ஞாயிறு.

டிக்கெட் போட இவர் என் கம்ப்யூட்டருக்கு வந்தார். அங்கேதான் வினை இருந்தது. அதே கம்பெனிக்கு அக்கம்பக்கத்தில் மூன்று பார்க். தண்ணீர் பார்க் ஒன்று, ராட்டின பார்க் ஒன்று, பனிக்கட்டி பார்க் ஒன்று. தனித்தனியாகவும் எடுக்கலாம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக எடுத்தால் ரொம்ப லாபம் என்று திரையில் மின்னி மின்னிக் காட்டியது.

"அண்ணா, அண்ணி கேட்டது அலை. அந்த ஒரு பார்க்குக்கு மட்டும் போடலாம்" என்றேன்.

"மூணுக்கும் சேத்து ஒரு டிக்கெட் இருக்கறப்ப ஒண்ணுக்கு எடுக்கறவன் கட்டிங் டேபிள்ல நிக்கவே லாயக்கில்ல சார்."

பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து விரித்தார். வெள்ளி சாயங்காலத்திலிருந்து திங்கள் காலை வரை ஒரு தோல் மாதிரி வரைந்து, அதற்குள் பார்க்குகளை நெருக்கி அடுக்கியிருந்தார். சனி காலை தண்ணீர், அதில் அலைக்கு நாற்பது நிமிஷம். மத்தியானம் ராட்டினம். ஞாயிறு பனி. நடுவில் சாப்பாடு, மாத்திரை, கோடு போட்ட பாட்டில். ஒரு இஞ்ச் மிச்சமில்லை. அழகான வேலைதான், நானே மயங்கிவிட்டேன்.

"ஒரு பார்க்குக்கு ஒரு தடவதான் உள்ள விடுவாங்கன்னு கீழ பொடி எழுத்துல போட்டிருக்குண்ணா" என்றேன்.

"பாத்ததையே யாரு சார் ரெண்டாந்தரம் பாப்பான்?"

பட்டனை அமுக்கப் போனேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"சார், எனக்கு இது மாதிரி இன்னொரு தோலு கெடைக்காது. இருக்கறது இது ஒண்ணுதான். அதான் முழுசா எடுக்கணும்னு பாக்கறேன்."

அவர், அண்ணி, காலேஜில் படிக்கும் மகள் ப்ரீத்தி என்று மூன்று பேருக்கும் மூன்று பார்க் டிக்கெட் போட்டேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பேப்பரில் ஒரு வட்டம்கூட இல்லை. தோலைத் தொட்டதும் முதலில் கோளாறைத் தேடுகிறவர், அன்றைக்குத் தேடவில்லை. அண்ணி எத்தனை அடி நடப்பார், எத்தனை மணிக்குச் சோர்வார் என்று அவருக்குத் தெரியாதா? என்னை விட நன்றாகத் தெரியும். குறித்தால் இடம் போய்விடும் என்று குறிக்கவில்லை. நானும் தெரிந்தே பட்டனை அமுக்கினேன்.

சனிக்கிழமை நடந்ததை ப்ரீத்தி போனில் சொன்னாள். அண்ணி போனதும் அலைக் குளத்தின் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் வைத்தவர்தான். ஊசி குத்தும் கையில் தண்ணீர் படக் கூடாது என்று இவர் பக்கத்தில் குடையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நின்றாராம். நாற்பது நிமிஷம் முடிந்ததும் வாட்சைக் காட்டியிருக்கிறார். "அடுத்த மணி அடிக்கட்டும்" என்றாராம் அண்ணி. அது அடித்ததும் இன்னொன்று. ஒவ்வொரு முறையும், "வருது பாருங்க, வருது பாருங்க" என்று முதல்முறை மாதிரியே சொல்லியிருக்கிறார். மத்தியானம் ராட்டின பார்க் கைவிட்டுப் போனது. சாயங்காலம் மணி அடித்தபோது இவரும் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தயாராக நின்றாராம்.

"அப்பா பாவம் அங்கிள். நாளைக்குக் காலைல ராட்டினம், மத்தியானம் ஐஸு, அப்பவும் மூணும் அடங்கும்னு சொல்லிட்டே தூங்கிட்டாரு" என்றாள்.

ஞாயிறு காலை நான் கறிக்கடை வரிசையில் நின்றபோது அவரே கூப்பிட்டார்.

"சார், ஸ்கேன் பண்ணா செகப்பு காட்டுது. உள்ள விட மாட்றாங்க."

"எந்த பார்க்குண்ணா?"

"அதே பார்க்குதான். எஸ்தரு இங்கதான் வரணும்னு சொல்லிட்டா. மத்ததுல இன்னா இருக்குதுன்னு காட்றேன்னு சொன்னேன். தண்ணி இருக்குதான்னு கேக்கறா."

பின்னால் மணிச் சத்தம் கேட்டது. ஜனங்கள் கத்துவதும் கேட்டது. அதற்கும் மேலே அண்ணியின் குரல்: "போனத் தம்பிட்ட குடுங்களேன், அவரு புரிஞ்சுப்பாரு."

அவர் கொடுக்கவில்லை.

"ரெண்டு பார்க்கு அப்படியே கைல இருக்குது சார். முழுசா. தொடவே இல்ல."

"ஆமாண்ணா."

"வட்டம் போடாம டைய வெச்சுட்டேன் சார்."

எனக்கு முன்னால் நின்றவர் கறி வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடைக்காரர் எனக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வரிசையை விட்டு விலகி நின்றேன்.

"சார், இதே பார்க்குக்குத் தனியா மூணு டிக்கெட் போடணும். போன்ல எங்க அமுக்கணும்னு சொல்லுங்க. சீக்கிரம், அடுத்த மணி அடிச்சுடப் போவுது."

சொன்னேன். அமுக்கினார். அன்றைக்கும் சாயங்காலம் வரை அதே படி, அதே தண்ணீர், அதே குடை. திங்கள் காலை டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்தபோது இரண்டு நாள் தண்ணீரில் ஊறியதில் அண்ணியின் காலில் நகப்பூச்சு பாதி உரிந்திருந்தது. அதை நர்ஸம்மாவிடம் காட்டிக் காட்டிச் சொன்னாராம்.

மழைக்காலம் முடிவதற்குள் அண்ணி போய்விட்டார். அடக்கம் முடிந்து டீ கொடுத்தபோது இவர் வந்தவர்களை எண்ணி எண்ணி டம்ளர் நிரப்பச் சொன்னார். கடைசியில் எனக்கு ஒன்று குறைந்தது. தன்னுடையதை என் கையில் கொடுத்துவிட்டு, "எண்ணிக்கை தப்பிடுச்சு சார். அவளையும் சேத்து எண்ணிட்டு எங்கியோ விட்டுட்டேன்" என்றார். கூடச் சேர்த்தால் எப்படிக் குறையும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த மூணு பார்க் டிக்கெட்டுக்கு ஒரு வருஷம் கெடு இருந்தது. முடியப் போகிற சமயத்தில் என் போனுக்குத் தகவல் வந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது, போய்ச் சொன்னேன். "மீதி ரெண்டும் இருக்குதுண்ணா. ப்ரீத்தியக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க. எதுக்கு வேஸ்ட் ஆவணும்?"

தோலிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார். "ஆவட்டும் சார். அங்கலாம் மணி அடிக்காதாம்."

இப்போதும் அவர்தான் எங்கள் கட்டிங் மாஸ்டர். ஆனால் அவர் வெட்டி முடித்த தோல் இடியாப்பம் மாதிரி தொங்குவதில்லை. ஓரமாக, உள்ளங்கை அகலத்துக்கு, நல்ல தோலை அப்படியே விட்டுவிடுகிறார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "இருக்கட்டுமே சார் கொஞ்சம்" என்றார். ஒரு தோலுக்கு ஒரு துண்டு, சில நாள் இரண்டு துண்டு குறைகிறது. கடைசிக் கட்டத்தில் காரணம் எழுதச் சொல்லி மேலிருந்து கேட்கிறார்கள். 'உண்ணி கடி ஜாஸ்தி' என்று மாதாமாதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நான் ரிட்டயர் ஆகும் வரை அந்த ஆடுகளை உண்ணி கடித்துக்கொண்டேதான் இருக்கும்.